இயற்பியலாளரா, விஞ்ஞானியா, நிபுணரா? துறை அறிஞர்களைத் தமிழில் பெயர் சொல்லி எழுத ஒரு முழு வழிகாட்டி

ஒரே ஆளைப் பற்றி நான்கு இதழ்கள் எழுதினால், ஒன்றில் அவர் ‘பொருளாதார நிபுணர்’, இன்னொன்றில் ‘பொருளியல் அறிஞர்’, மூன்றாவதில் ‘பொருளாதார வல்லுநர்’, இலங்கையிலிருந்து வரும் நான்காவதில் ‘பொருளியலாளர்’. நான்கிலும் தப்பில்லை. ஆனால் அவசரத்தில் யாராவது ‘பொருளாளர்’ என்று போட்டுவிட்டால் தீர்ந்தது கதை. மனிதர் ஏதோ ஒரு சங்கத்துக்கு வரவு செலவு பார்ப்பவர் ஆகிவிடுவார்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. எந்தத் துறைக்கு எந்த விகுதி என்று வழக்கம் முன்பே முடிவு செய்துவைத்திருக்கிறது. தமிழில் -ஆளர், அறிஞர், ஆய்வாளர், ஆசிரியர், நிபுணர், வல்லுநர், விஞ்ஞானி, மேதை என்று ஒரு கூட்டமே நிற்கிறது. எதை எடுப்பது என்று எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அறிவியல் செய்தி எழுதுவோர், மொழிபெயர்ப்பாளர்கள், பாடக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் பயன்படும் வரிசையில் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். பலர் கடைசிப் படியில் தொடங்கி, ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ஒரு சொல்லைத் தேடி ஒட்டிவிடுகிறார்கள். குழப்பம் பாதி அங்கேதான் பிறக்கிறது.

முதல் படி: ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள்

பட்டம் எதில், பரிசு எதில் என்று பார்ப்பதற்கு முன்னால், அவர் எதை ஆராய்கிறார் என்று பாருங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். பரோடாவில் இளநிலைப் படிப்பு இயற்பியலில். அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976-ல் முனைவர் பட்டம், அதுவும் இயற்பியலில். அதன் பிறகு உயிரியலுக்குத் தாவி, மறுபடியும் மாணவராக உட்கார்ந்து படித்தார். 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் சேர்ந்து நோபல் பரிசு பெற்றது வேதியியலில். இப்போது அவரை இயற்பியலாளர் என்பதா, வேதியியலாளர் என்பதா?

இரண்டுமே வேண்டாம். பரிசு கிடைத்தது ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்கு. உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் இடம் அது. ஆக, அவர் மூலக்கூறு உயிரியலாளர். இன்னும் நெருக்கிச் சொல்ல வேண்டுமென்றால் கட்டமைப்பு உயிரியலாளர். ‘வேதியியலுக்கான நோபல் பெற்ற உயிரியலாளர்’ என்று எழுதினால் வாசகருக்கு ஒரு நொடி புருவம் உயரும், ஆனால் தகவல் சரியாகப் போய்ச் சேரும்.

அப்துல் கலாம் விஷயமும் இப்படித்தான். மேடைப் பேச்சுகளில் ‘அணு விஞ்ஞானி’ என்று கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனையில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. திருச்சியில் இயற்பியல் படித்து, சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் முடித்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஏவூர்திகளிலும் ஏவுகணைகளிலும் செலவிட்டவர் அவர். 1980-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்துபோன எஸ்.எல்.வி-3 அவர் தலைமையில் உருவானது. ‘விண்வெளிப் பொறியாளர்’ என்றால் துல்லியம். ‘விஞ்ஞானி’ என்று பொதுவாகச் சொன்னாலும் பாதகமில்லை. ‘அணு’ என்ற முன்னொட்டுதான் இடறுகிறது.

இந்தப் படியில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: ஆராய்கிறாரா, கற்பிக்கிறாரா, நோயாளியைப் பார்க்கிறாரா, கட்டுகிறாரா, ஆலோசனை சொல்கிறாரா? துறை ஒன்றாக இருக்கும். வேலை மாறினால் பெயர் மாறும். நரம்பு சம்பந்தமான நோய்க்கு மருந்து எழுதித் தருபவர் நரம்பியல் நிபுணர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி தோன்றுவது ஏன் என்று கண்ணாடிப் பெட்டி வைத்து ஆராய்ந்ததால் உலகறிந்தவர். அவரை நரம்பியல் நிபுணர் என்று எழுதினால், வாசகர் மருத்துவமனை முகவரி கேட்பார். நரம்பறிவியலாளர் என்பதே பொருத்தம்.

இரண்டாம் படி: துறையின் பெயரை முதலில் உறுதி செய்யுங்கள்

ஆளின் பெயர் துறையின் பெயர்மேல்தான் நிற்கிறது. துறைப்பெயர் தவறினால் மேலே என்ன ஒட்டினாலும் தவறுதான்.

இன்று பெரும்பாலான துறைகள் ‘-இயல்’ என்று முடிகின்றன. இது எப்படிச் சேர்கிறது என்று தெரிந்துகொண்டால் புதிய துறைக்கும் நீங்களே பெயர் அமைத்துவிடலாம். இகரம், ஐகாரத்தில் முடிந்தால் நடுவில் யகரம் வரும்: மொழியியல், பூஞ்சையியல், பறவையியல். சமூகம், தாவரம் போல மகர மெய்யில் முடிந்தால் அது போய், அகரத்தில் நின்று வகரம் வரும்: சமூகவியல், தாவரவியல், உளவியல். குற்றியலுகரமாக இருந்தால் உகரம் போய்விடும்: விலங்கு, விலங்கியல். மற்ற மெய்யில் முடிந்தால் நேராகச் சேரும்: உயிரியல், மீனியல். இதைத் தாண்டி யாரும் பெரிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சிக்கல் வருவது இரட்டைப் பிறவிகளில். அவற்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் இடம் ‘புவியியல்’ என்ற சொல்லுக்கு. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இது மலை, ஆறு, காலநிலை, நாடுகள், வரைபடம் பற்றிய பாடம். ஆனால் தமிழக அரசின் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’யில் அதே சொல் பாறை, கனிமம் பற்றிய படிப்பைக் குறிக்கிறது! இரண்டாவதற்குப் பாடநூல்களும் கல்லூரிகளும் நிலவியல், புவியமைப்பியல், மண்ணியல் என்று வெவ்வேறு சொற்களைக் கையாண்டிருக்கின்றன. இலங்கையில் புவிச்சரிதவியல் என்பார்கள். அழகான சொல் என்பது என் எண்ணம்.

இதனால் அடிபடுகிறவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் துணைக்கண்டத்தின் தொல்பழங்கால ஆய்வுக்கு வாசல் திறந்தவர். அவர் சம்பளம் வாங்கியது பாறை அடுக்குகளை ஆராயும் அரசு நிறுவனத்தில். ‘புவியியலாளர் ஃபூட்’ என்று எழுதினால், வரைபடம் போட வந்தவர் வழியில் ஒரு கல்லைப் பார்த்தார் என்பதுபோல ஆகிவிடுகிறது. ‘நிலவியலாளர் ஃபூட்’ என்று எழுதுங்கள். பாறை அடுக்குகளைப் படிக்கத் தெரிந்த கண்தான் அந்தக் கல்லில் மனிதக் கை பட்டிருப்பதைக் கண்டுகொண்டது.

அடுத்தது தொல்லியலும் தொல்லுயிரியலும். மனிதர் விட்டுச்சென்ற பானை, மணி, சுவர், கருவி ஆகியவற்றைத் தோண்டி ஆராய்பவர் தொல்லியலாளர். டைனோசர் எலும்பையும் புதைபடிவத்தையும் ஆராய்பவர் தொல்லுயிரியலாளர். ‘டைனோசர் முட்டைகளைத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்தனர்’ என்ற வரியை எங்காவது பார்த்தால் உடனே திருத்துங்கள். மனிதன் வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னமே டைனோசர்கள் போய்ச் சேர்ந்துவிட்டன.

வானத்தைப் பார்ப்பவர்கள் இன்னும் அதிகம். விண்மீன், கோள் ஆய்வு வானியலாளருடையது. மழை வருமா, புயல் எங்கே கரை கடக்கும் என்று சொல்பவர் வானிலையியலாளர். செய்தியில் வானிலை ஆய்வாளர் என்றே எழுதலாம், எல்லோருக்கும் புரியும். விண்மீன்களுக்குள் நடக்கும் இயற்பியலை ஆராய்ந்து 1983-ல் நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வானியற்பியலாளர். விண்கலத்தில் ஏறிப் போகிறவர் விண்வெளி வீரர். ராசி பார்ப்பவர் சோதிடர். பழைய தமிழில் இந்தக் கோடு இவ்வளவு கறாராக இல்லை. கணி, கணியன் என்ற சொற்கள் நாள் கோள் கணித்தவரையும் அதை வைத்துப் பலன் சொன்னவரையும் சேர்த்தே குறித்தன. இன்று சேர்த்தால் வழக்கு வரும்.

மருந்துக்கடைப் பக்கமும் ஒரு பொறி உண்டு. ஆங்கிலத்தில் ‘கெமிஸ்ட்’ என்றால் வேதியியல் ஆய்வகத்தில் இருப்பவராகவும் இருக்கலாம், மாத்திரை எடுத்துத் தருபவராகவும் இருக்கலாம். தமிழில் முன்னவர் வேதியியலாளர், பின்னவர் மருந்தாளுநர். மருந்து உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று ஆராய்கிற மூன்றாவது ஆள் மருந்தியலாளர். அதேபோல ‘பிசிசிஸ்ட்’ என்பதும் ‘பிசிஷியன்’ என்பதும் ஆங்கிலத்தில் ஒலியால் அண்ணன் தம்பி; தமிழில் இயற்பியலாளருக்கும் மருத்துவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலத்திலிருந்து வேகமாக மொழிபெயர்க்கும்போது இது இடறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

உளவியலாளர் பேசி, சோதித்து, ஆராய்ந்து உதவுபவர். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்று மருந்து எழுதித் தருபவர். இரண்டையும் மாற்றி எழுதுவது செய்தியில் பெரிய பிழை, ஏனென்றால் வாசகர் அதை நம்பித் தவறான ஆளிடம் போய் நிற்பார்.

மூன்றாம் படி: விகுதியைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் நடுநாயகமான படி. ஒவ்வொரு விகுதிக்கும் ஒரு குணம் இருக்கிறது.

-ஆளர்: நடுநிலையானது. புகழ்ச்சியும் இல்லை, குறைவும் இல்லை. இயற்பியலாளர், தாவரவியலாளர், மானிடவியலாளர், புள்ளியியலாளர், பூச்சியியலாளர். சந்தேகம் வந்தால் இதையே எடுங்கள். கலைக்களஞ்சியக் கட்டுரைக்கும் பாடநூலுக்கும் இதுதான் ஏற்றது. சிலர் சுருக்கி ‘-இயலர்’ என்று எழுதுவார்கள்: மொழியியலர், உளவியலர். அதுவும் சரிதான், ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பிடித்துக்கொண்டால் போதும். ஒரே எச்சரிக்கை, துறைப்பெயரில் உள்ள ‘இயல்’ பகுதியை விழுங்கிவிடாதீர்கள். பொருளியலாளர் பொருளாளர் ஆவதும், கணிதவியலாளர் கணக்காளர் ஆவதும் அப்படித்தான்.

குற்றவியலில் -ஆளர் கொஞ்சம் சங்கடம் தரும். ‘குற்றவியலாளர்’ என்று படிக்கிறவர் அரைக் கணம் குற்றவாளியையே நினைப்பார். ‘குற்றவியல் அறிஞர்’ என்று பிரித்து எழுதுவது நல்லது. ‘குற்றவியல் ஆய்வாளர்’ என்று மட்டும் போடாதீர்கள், காரணம் அடுத்த பத்தியில்.

ஆய்வாளர்: ஆராய்ச்சி செய்கிறவர் என்று பொருள். ஆனால் தமிழ்நாட்டில் இது அரசுப் பதவியின் பெயரும்கூட. காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர். எனவே ‘பொதுச் சுகாதார ஆய்வாளர் கூறுகிறார்’ என்று எழுதினால், பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலை ஆராய்கிறவர் வாசகர் மனத்தில் கொசு மருந்து அடிக்க ஆள் அனுப்பும் அதிகாரியாக மாறிவிடுவார். இப்படிப்பட்ட இடங்களில் ‘நோய்ப்பரவலியல் அறிஞர்’ என்றோ ‘பொதுச் சுகாதாரத் துறையில் ஆராய்ச்சி செய்யும் இன்னார்’ என்றோ விரித்து எழுதுங்கள். மற்ற இடங்களில் ஆய்வாளர் நல்ல சொல், குறிப்பாகப் பட்டத்தைவிட உழைப்பு பேசுகிற மனிதர்களுக்கு. தொ. பரமசிவன் தமிழ்ப் பேராசிரியர். அழகர் கோயிலையும் உப்பையும் உடையையும் வழிபாட்டையும் பற்றி எழுதியதால் அவரைப் பண்பாட்டு ஆய்வாளர் என்றே தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அந்த இடத்தில் வேறெந்தச் சொல்லும் இவ்வளவு பொருந்தாது.

ஆசிரியர்: இது சில துறைகளில் மட்டும் நிலைத்திருக்கிறது. வரலாற்றாசிரியர், உரையாசிரியர், நூலாசிரியர். இங்கே ஓர் இடைவெளி எல்லாவற்றையும் மாற்றும். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி வரலாற்றாசிரியர். சோழர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துபவர் வரலாற்று ஆசிரியர். சேர்த்தால் ஆய்வறிஞர், பிரித்தால் பள்ளியாசிரியர். ஐயம் வரும் இடத்தில் ‘வரலாற்றாய்வாளர்’ என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

அறிஞர்: மரியாதைச் சொல். இதை அடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். தன்னைத்தானே ‘நான் ஒரு தமிழறிஞர்’ என்று அறிமுகம் செய்துகொள்கிறவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். தன்குறிப்பு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: -ஆளர் போட்டுக்கொள்ளுங்கள், அறிஞரை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள். வாழ்நாள் பணி செய்தவர்களுக்கு, மறைந்தவர்களுக்கு, பட்டம் அந்தத் துறையில் இல்லாமலேயே அதில் கரை கண்டவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியர். பத்திரிகை ஆசிரியராக நினைவுகூர்பவர்களைவிட, தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் படித்தவராகவும் சிந்துவெளிக் குறியீடுகளைத் தொகுத்தவராகவும் அவரை அறிந்தவர்கள் அதிகம். கல்வெட்டறிஞர் என்ற பெயர் அவருக்குத் தானாக வந்து சேர்ந்தது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியும் சங்ககால நாணயங்களை ஆராய்ந்த நாணயவியலாளர்தான். இரண்டு நாளிதழ் ஆசிரியர்கள், இரண்டு தொல்லெழுத்துப் பைத்தியங்கள். தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு அப்படி ஒரு காலம் இருந்தது.

நிபுணர்: யோசனை கேட்கப் போகிறோமே, அவர். மருத்துவத்தில் இது ஊன்றிவிட்டது: இதயநோய் நிபுணர், தோல் நோய் நிபுணர். தடயவியல் நிபுணர், கைரேகை நிபுணர், பொருளாதார நிபுணர் என்றும் சொல்கிறோம். நீதிமன்றத்திலோ தொலைக்காட்சி விவாதத்திலோ கருத்துச் சொல்லும்போது நிபுணர். அதே ஆள் ஆய்வுக்கட்டுரை எழுதும்போது -ஆளர். ‘தாவரவியல் நிபுணர்’ என்று கேட்கும்போது செடி வாடினால் கூப்பிடலாம் போலத் தோன்றுவது இதனால்தான்.

வல்லுநர்: நிபுணருக்குத் தமிழ் இணை. அதே இடங்களில் போடலாம். எழுத்து மட்டும் கவனம், ‘வல்லுனர்’ வேண்டாம். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர், அனுப்புநர், மருந்தாளுநர் எல்லாம் இதே குடும்பம். முன்னால் உகரம் நின்றால் ‘நர்’. இகரமோ ஐகாரமோ நின்றால் ‘ஞர்’, அறிஞர், கவிஞர், கலைஞர், இளைஞர் போல. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும், பிழைதிருத்துபவர் வேலை பாதி குறையும்.

விஞ்ஞானி: பேச்சில் இன்றும் இதுதான் ராஜா. அறிவியலாளர், அறிவியலறிஞர் என்று எழுத்தில் வந்தாலும், தெருவில் கேட்டால் விஞ்ஞானிதான். துறை தெரியாத இடத்திலும், பல துறையினர் சேர்ந்த குழுவைச் சொல்லும்போதும் பயன்படுத்துங்கள்: ‘இஸ்ரோ விஞ்ஞானிகள்’. துறை தெரிந்துவிட்டால் அதைச் சொல்வதே மேல். சமூகவியல், வரலாறு, மொழியியல் ஆட்களுக்கு இது ஒத்துவராது.

இந்தப் பொதுச்சொல்லின் ஆங்கில இணைக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. 1833-ல் கேம்பிரிட்ஜில் நடந்த ஓர் அறிவியல் கூட்டத்தில், இயற்கையை ஆராய்கிறவர்கள் தங்களைத் ‘தத்துவவாதிகள்’ என்று அழைத்துக்கொள்ளக் கூடாது என்று கவிஞர் கோல்ரிட்ஜ் மறுத்தார். அப்படியானால் என்ன பெயர் என்ற கேள்விக்கு, ‘ஆர்ட்டிஸ்ட்’ என்பதைப் பார்த்து ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹியூவெல் உருவாக்கியதுதான் ‘சயின்டிஸ்ட்’. மறு ஆண்டு அறிவியல் எழுத்தாளர் மேரி சாமர்வில்லின் நூலுக்கு மதிப்புரை எழுதும்போது அதை அச்சிலும் ஏற்றினார். 1840-ல் அவரே ‘பிசிசிஸ்ட்’ என்பதையும் உண்டாக்கினார். மைக்கேல் ஃபாரடேக்கு அது பிடிக்கவேயில்லை; வாயிலும் வராது, காதிலும் ஏறாது என்று புலம்பினார். ஆக, புதுப்பெயர் கேட்டு முகம் சுளிப்பது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை.

மேதை: ராமானுஜனுக்குக் கணிதமேதை. ராமானுஜனை யாரும் ‘கணிதவியலாளர்’ என்று சொல்வதில்லை. சொன்னால் குறையாகக்கூட ஒலிக்கும். மற்றவர்களுக்கு இதைத் தாராளமாக வாரி வழங்காதீர்கள்.

-வாதி: இது கொள்கை பிடிப்பவருக்கு. ஆங்கில ‘இஸ்ட்’ துறை ஆளையும் கொள்கை ஆளையும் ஒரே வாலில் கட்டிவிடும், தமிழ் பிரித்துவைக்கும். பெண்ணியவாதி வேறு, பெண்ணிய ஆய்வாளர் வேறு. ஒருவர் இரண்டுமாக இருக்கலாம், ஆனால் எழுதுகிறவர் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். அரசியல்வாதி தேர்தலில் நிற்பார். அரசறிவியலாளர் ஏன் ஜெயித்தார், ஏன் தோற்றார் என்று ஆராய்வார். தத்துவத்தில் மட்டும் வழக்கு குழம்பிக் கிடக்கிறது: தத்துவவாதி, தத்துவஞானி, மெய்யியலாளர் மூன்றும் ஓடுகின்றன. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறவருக்கு மெய்யியலாளர், சாக்ரடீசுக்குத் தத்துவஞானி என்பது என் பழக்கம்.

பழந்தமிழ் இவ்வளவு விகுதிகளை வைத்துக்கொண்டு திண்டாடவில்லை. யாப்பு தெரிந்தவரைத் தொல்காப்பியம் ‘யாப்பறி புலவர்’ என்கிறது. வாதம் பித்தம் சிலேத்துமம் பற்றி எழுதிய மருத்துவ நூல்காரர்களை வள்ளுவர் வெறுமனே ‘நூலோர்’ என்று முடித்துக்கொள்கிறார்.

நான்காம் படி: சேர்த்து எழுதுங்கள், பிறகு வாய்விட்டுப் படியுங்கள்

உயிரெழுத்தில் தொடங்கும் விகுதி துறைப்பெயரோடு சேரும்: இயற்பியலாளர், கல்வெட்டறிஞர், வரலாற்றாசிரியர். நிபுணர், வல்லுநர், பேராசிரியர் போன்றவை தனித்து நிற்கும்: இதயவியல் நிபுணர், உயிரியல் பேராசிரியர். ‘உயிரியற் பேராசிரியர்’ என்று லகரத்தைத் திரித்து எழுதுவது இலக்கணப்படி கச்சிதம். யாழ்ப்பாணத்தில் ‘புவியியற்றுறை’ என்றே எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இது பழக்கம் விட்டுப்போனது. யாருக்கு எழுதுகிறீர்களோ அதன்படி முடிவு செய்யுங்கள்.

‘ஒரு இயற்பியலாளர்’ வேண்டாம், ‘ஓர் இயற்பியலாளர்’. ‘ஒரு தாவரவியலாளர்’ சரி.

-ஆளர், -அறிஞர் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘பெண் விஞ்ஞானி’ என்று எழுத வேண்டிய அவசியம், பெண் என்பதே செய்தியாக இருக்கும்போது மட்டும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கலப்பினங்களை ஆராய்ந்தவரும், 1945-ல் ஆங்கிலேய உயிரியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்து நூலாக்கியவருமான ஜானகி அம்மாள் தாவரவியலாளர். அவ்வளவுதான். துல்லியம் வேண்டுமானால் உயிரணு மரபியலாளர்.

ஐந்தாம் படி: பெயர் நீண்டால் உடைத்துவிடுங்கள்

உயிர்வேதியியலாளர் வரை நாக்கு ஒத்துழைக்கும். ‘நாட்டார் வழக்காற்றியலாளர்’ கொஞ்சம் மூச்சு வாங்கும். நாட்டுப்புறவியலாளர் என்றும் சொல்லலாம், ஆனால் பாளையங்கோட்டைப் பக்கம் முன்னதுதான் நிலைத்த வழக்கு. அதற்கும் மேலே போனால், உதாரணமாக ‘நீர்நிலவாழ்வன ஊர்வனவியலாளர்’ என்று ஒரு பெயர் உங்கள் பேனாவிலிருந்து இறங்கினால், நிறுத்துங்கள். ‘தவளைகளையும் பாம்புகளையும் ஆராய்பவர்’ என்று எழுதுங்கள். பூஞ்சை, வைரஸ், வௌவால், பவளப்பாறை எதுவானாலும் இதே வழிதான். முதல் தடவை விளக்கமாக, இரண்டாம் தடவை ‘ஆய்வாளர்’ என்று சுருக்கமாக. சொல்லை வாசகர்மேல் ஏற்றிவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதல் தடவை சொல்லையும் விளக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிடுங்கள்: ‘பூஞ்சைகளை ஆராயும் பூஞ்சையியலாளர்’.

கல்வெட்டியலாளர் என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு குறிப்பு. கீழடியில் கிடைத்த எழுத்துகள் பானை ஓட்டில் இருந்தன, கல்லில் இல்லை. செப்பேட்டைப் படிப்பவரையும் பானை ஓட்டைப் படிப்பவரையும் கல்வெட்டியலாளர் என்றே அழைக்கிறோம், வழக்கில் அது ஏற்கப்பட்டதுதான். இலங்கையின் ‘சாசனவியலாளர்’ கல்லோடு கட்டுப்படாததால் இந்த இடத்தில் வசதியானது.

ஆறாம் படி: கடலுக்கு இரு பக்கமும் ஒருமுறை பாருங்கள்

இணையத்தில் எழுதினால் வாசகர் மதுரையிலும் இருப்பார், மட்டக்களப்பிலும் இருப்பார், டொரன்டோவிலும் இருப்பார். தமிழ்நாட்டு இயற்பியல் இலங்கையில் பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல். நம் பொறியாளர் அங்கே பொறியியலாளர். தொல்லியல் துறை அங்கே தொல்பொருள் திணைக்களம். வைத்தியர் என்றால் தமிழ்நாட்டில் சித்த மருத்துவரையோ நாட்டு மருத்துவரையோ நினைப்பார்கள். இலங்கையில் அரச மருத்துவமனை டாக்டரே வைத்தியர். இலங்கையர் ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் நாட்டுச் சொல்லையே பயன்படுத்துவது முறை. பொதுவான கட்டுரையில் ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு, மற்றதை முதல் தடவை மட்டும் ‘அல்லது’ போட்டுக் காட்டலாம்.

சொல் தேடும்போது முதலில் பள்ளி, கல்லூரிப் பாடநூல்களைப் பாருங்கள். வாசகர் படித்து வளர்ந்த சொல் அதில்தான் இருக்கும். அப்புறம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பு, தமிழக அரசின் சொற்குவை. அங்கே ஒரே துறைக்கு நாலு சொல் கிடைத்தால், அந்தத் துறையில் வேலை செய்யும் தமிழர் ஒருவரிடம் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுவது உத்தமம்.

ஏழாம் படி: பட்டத்தையும் துறையையும் கலக்காதீர்கள்

முனைவர் என்பது பட்டம், இலங்கையில் கலாநிதி. பேராசிரியர் என்பது பதவி. இரண்டுமே அவர் எந்தத் துறை என்று சொல்லாது. ‘முனைவர்’ போட்டுவிட்டோமே என்று துறையை விட்டுவிட்டால், மழை பற்றி வேதியியல் முனைவர் சொல்வதையும் வானிலை முனைவர் சொல்வதையும் வாசகர் ஒரே தராசில் நிறுப்பார். பட்டம் ஒருமுறை, துறை ஒருமுறை, தேவையானால் நிறுவனம் ஒருமுறை; பிறகு வெறும் பெயர்.

முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவர் இன்னும் முனைவர் இல்லை. முனைவர் பட்ட ஆய்வாளர் அல்லது ஆய்வு மாணவர் என்று எழுதுங்கள். பட்டமே இல்லாதவர் விஷயத்தில் தயங்கவும் வேண்டாம். சலீம் அலிக்கு முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் பறவையியலாளர் வேலை ஒன்று கைநழுவிப் போனது. அதற்காக அவரைப் ‘பறவை ஆர்வலர்’ என்று எழுதினால், இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு காடு சுற்றுகிற அத்தனை பேரும் சண்டைக்கு வருவார்கள்.